சுசுக்கி என்னும் குடும்பப்பெயர்

இலங்கையின் வீதியொன்றில் நின்று "சுசுக்கி" என்று சொன்னால், கேட்போர் நினைவுக்கு வருவது ஒரு மோட்டார் சைக்கிளோ சிறிய காரோ ஆகும். மெய்யியல் மாணவர் ஒருவரிடம் அதே சொல்லைச் சொன்னால், சென் பௌத்தத்தை ஆங்கிலத்தில் எழுதி மேனாட்டாருக்கு அறிமுகஞ் செய்த முதியவரை அவர் எண்ணிக்கொள்வார். வயலின் பயிற்றுவோர்க்கு அது ஒரு கற்பித்தல் முறையின் பெயர். சேதன இரசாயனம் கற்போர்க்கோ அது ஒரு தாக்கத்தின் பெயர். ஒரே சொல்லைக் கேட்டு இந்நால்வரும் நான்கு வேறு மனிதரை நினைக்கின்றனர். அம்மனிதரை ஒரே குடும்பத்தவர் என்று கொள்வதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. எனினும், கலைக்களஞ்சியங்கள் ஒரே பெயருடைய பெரியோரைக் கீழ்க்கீழாக நிரல்படுத்திக் காட்டும்போது, ஏதோ ஒரு குலத்தின் பெருமையே பேசப்படுவது போன்ற மயக்கம் வாசகருக்கு ஏற்படுகின்றது. பெயரோடு பிறப்பும், பிறப்போடு ஆற்றலும் கூடிவருவன என்னும் பழைய நம்பிக்கையே இம்மயக்கத்தின் வேர். யப்பானிய நாட்டுச் சுசுக்கிகளின் வரலாறு இந்நம்பிக்கைக்குத் துணைநிற்பதாகத் தெரியவில்லை.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். இப்பெயர் இரண்டு சீன எழுத்துகளால் எழுதப்படுகின்றது. முன்னது மணியையும் பின்னது மரத்தையும் குறிக்கும். எனவே அகராதியை மட்டும் நம்பிப் பொருள்கூறுவோர் "மணிமரம்" என்று அழகாக மொழிபெயர்த்துவிடுவர். ஆனால் அவ்வெழுத்துகள் ஒலிக்காக இட்டவையேயன்றிப் பொருளுக்காக இட்டவையல்ல என்பதே பெரும்பாலான அறிஞர் கருத்து. யப்பானின் தென்பகுதியிலே, இன்றைய வக்கயாமா மாகாணத்தில், குமானோ என்னும் மலைநாடு உண்டு. அறுவடை செய்த நெற்கதிர்களை நடுவே ஒரு கம்பை நட்டு அதனைச் சுற்றி அடுக்கிவைக்கும் குவியலை அவ்வூர் வழக்கில் "சுசுக்கி" என்றனர். மட்டக்களப்பிலும் வன்னியிலும் "சூடு" என்று சொல்லப்படுவதற்கு ஏறத்தாழ இணையானது அது. அக்குவியலின் நடுக்கம்பிலே நெல்லின் தெய்வம் இறங்கி உறைவதாகவும் நம்பினர். குமானோக் கோயில்களோடு தொடர்புடைய பழங்குடிகளுள் ஒன்றின் பெயர் ஒசுமி. கதிர்க்குவியல் என்பதே அதன் எழுத்துப்பொருளும் ஆகும். ஒசுமிக் குடியிலிருந்து சுசுக்கி என்னும் கிளை தோன்றியதென்பது மரபு. வக்கயாமாவின் கைனான் நகரிலுள்ள புசிசிரோக் கோயிலின் அருகே அக்கிளையின் தலைவீடு இருந்தது. பழுதுற்றிருந்த அவ்வீடு அண்மைய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டுள்ளது. தெய்வத்துக்குக் கதிர்க்கட்டுகளைக் காணிக்கையிட்ட மூதாதைக்கு அத்தெய்வமே இப்பெயரை அருளிற்று என்னும் கதையும் அங்கு வழங்குகின்றது. மணிமரத்தைக் காட்டிலும் நெற்குவியலே பெயரின் மெய்ப்பொருளுக்கு அணித்தானது எனலாம்.

தலவரலாறு இவ்வளவோடு நிற்க, பெயர் எவ்வாறு நாடெங்கும் பரவிற்று என்பது வேறு வினா. குமானோ வழிபாட்டைப் பரப்பச் சென்ற பூசகர்களோடு இப்பெயர் கிழக்கு நோக்கி நகர்ந்தது. மிக்காவா நாட்டில் வேரூன்றிய சுசுக்கிகள் சிலர் தொக்குகாவாக் குடியினருக்குப் போர்ப்பணி செய்தனர். 1590 ஆம் ஆண்டில் தொக்குகாவா இயேயசு தமது ஆட்சிமையத்தைக் கிழக்கே எதோ நகருக்கு மாற்றியபோது அவர்களும் உடன்சென்றனர். அந்த எதோவே இன்றைய தோக்கியோ. இன்றுங்கூட தோக்கியோவைச் சூழ்ந்த கந்தோச் சமவெளியிலும், ஐச்சி, சிசுவோக்கா மாகாணங்களிலும் இப்பெயர் அடர்ந்து காணப்படுகின்றது. சாத்தோ என்னும் பெயருக்கு அடுத்தபடியாக யப்பானில் மிகுதியாக வழங்குவது இதுவே. ஏறத்தாழ 18 இலட்சம் பேர் இதனைத் தாங்குகின்றனர். இத்தனை பேரும் குமானோ மலையடிவாரத்து ஒரு வீட்டின் வழித்தோன்றல்கள் என்று நம்புதற்குப் பெரும் துணிவு வேண்டும்.

உண்மையில் இப்பெயரைப் பெருக்கியதில் கோயிலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு அரசாங்க அலுவலகத்துக்கும் உண்டு. எதோக் காலத்தில் குடும்பப்பெயரை வெளிப்படையாகப் பூணுவதும் வாள் தரிப்பதும் போர்வீரர் வகுப்பினரின் உரிமைகளாகக் கருதப்பட்டன. உழவரும் கைவினைஞரும் வணிகரும், அரசிறைப் பதிவேடுகளிலே, தம் இயற்பெயராலேயே குறிக்கப்பட்டனர். அவர்களிடையே குடும்பப்பெயரே இருந்ததில்லை என்று சில நூல்கள் எழுதுவது மிகையாகும். கோயில்களுக்கு நன்கொடை அளித்தோர் பட்டியல்களிலும் ஊர்க் கணக்குகளிலும் உழவரின் குடும்பப்பெயர்கள் காணப்படுகின்றன. இருந்த பெயரை உரக்கச் சொல்லும் உரிமையே அவர்களுக்கு இல்லாதிருந்தது. 1868 ஆம் ஆண்டின் மெய்சி மாற்றத்தின் பின் நிலைமை மாறியது. 1870 ஆம் ஆண்டில் பொதுமக்கள் குடும்பப்பெயர் பூணலாம் என்று அரசு அனுமதித்தது. மக்கள் அதனை ஆர்வத்தோடு ஏற்றதாகத் தெரியவில்லை. புதுப்பெயரைத் தொடர்ந்து புதுவரி வருமென்று அஞ்சினோரும் உளர். எனவே 1875 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அனுமதி கட்டளையாயிற்று. எல்லாரும் குடும்பப்பெயர் பூணவேண்டும், மூதாதையர் பெயரை அறியாதோர் புதிதாக ஒன்றைச் சூட்டிக்கொள்ளவேண்டும் என விதிக்கப்பட்டது. இக்கட்டளைக்குத் தூண்டுகோலாய் நின்றது இராணுவ அமைச்சு. 1873 இல் கட்டாயப் படைச்சேவை அறிமுகமாகியிருந்தது. படைக்கு ஆளெடுக்கப் பட்டியல் வேண்டும். பட்டியலுக்குக் குழப்பமற்ற பெயர்கள் வேண்டும். தெய்வம் அருளிய பெயர் என்ற கதைக்கும், படைப்பதிவுக்காக எழுதப்பட்ட பெயர் என்ற வரலாற்றுக்கும் இடையேயுள்ள தூரத்தை எண்ணிப்பார்த்தல் தகும். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கித் தலைமுறைதோறும் மாறிச்செல்லும் பெயர்வழக்குக்குப் பழகியோர்க்கு, ஒரே சொல் நூற்றாண்டுக்கணக்கில் ஒரு வீட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது இயற்கை போலத் தோன்றலாம். அது இயற்கையன்று, சட்டம்.

இனி மனிதரை நோக்கலாம். நெற்குவியல் என்னும் பொருளுடைய பெயரைத் தாங்கிய ஒருவர் நெல்லின் தவிட்டிலே தம் வாழ்வின் பெருங் கண்டுபிடிப்பைச் செய்தார் என்பது தற்செயலே. தற்செயலாயினும் சுவையானது. சுசுக்கி உமெதாரோ 1874 இல் சிசுவோக்கா மாகாணத்தில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். விவசாய இரசாயனங் கற்று, பேர்லினில் எமில் பிஷரிடம் புரத ஆய்வில் பயிற்சி பெற்று, 1906 இல் நாடு திரும்பினார். ஐரோப்பியரோடு ஐரோப்பியரின் வினாக்களிலே போட்டியிடாது, கீழைநாட்டுக்கே உரிய வினாவொன்றை ஆராயும்படி பிஷர் அவருக்கு அறிவுரை கூறினார் என்பர். அக்காலத்து யப்பானிலே அத்தகைய வினாவைத் தேடி அலையவேண்டியிருக்கவில்லை. பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கில் மக்களைக் கொன்றுகொண்டிருந்தது. (அந்நோய்ப்பெயரே பலவீனத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லின் வழிவந்ததென அகராதிகள் பல கூறுகின்றன.) தீட்டிய வெள்ளையரிசியைச் செல்வர் உணவாக மதித்த நாடு அது. கிராமத்தில் தவிட்டரிசியும் வாற்கோதுமையும் உண்டு வளர்ந்த இளைஞன் படையிற் சேர்ந்து, மூவேளையும் வெள்ளைச் சோறு பெற்று, அதனாலேயே கால் வீங்கி இதயம் தளர்ந்து மாண்டான்.

கடற்படை மருத்துவரான தகாக்கி கனெகிரோ இதற்கு உணவே காரணம் என்று 1880களிலேயே காட்டியிருந்தார். 1883 இல் நீண்ட பயணம் சென்று மீண்ட இரியூசோ என்னும் கப்பலின் 376 பேரில் 169 பேர் நோயுற்று 25 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டு, உணவை மாற்றி, அதே வழியில் அனுப்பப்பட்ட சுக்குபா என்னும் கப்பலில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. ஆயினும் தரைப்படை மருத்துவர்கள் இதனை ஏற்கவில்லை. நோய்க்குக் கிருமியே காரணம் என்னும் யேர்மானியக் கொள்கையில் அவர்கள் உறுதியாய் நின்றனர். நாவலாசிரியராகவும் பெரும்புகழ் பெற்ற மோரி ஓகாய் அவர்களுள் ஒருவர். அறிவு மிக்கவரின் பிடிவாதம் அறிவிலியின் பிடிவாதத்தைவிடக் கேடு செய்யும் என்பதற்கு இதனிலும் துயரமான சான்று வேண்டியதில்லை. 1904-05 ஆம் ஆண்டுகளின் ருசிய யப்பானியப் போரிலே 27,000 அளவிலான யப்பானியத் தரைப்படையினர் குண்டுபட்டன்றிப் பெரிபெரியால் மாண்டனர்.

இச்சூழலிலேதான் உமெதாரோ புறாக்களுக்கு வெள்ளையரிசியை மட்டும் கொடுத்து நோயுறச் செய்து, தவிட்டிலிருந்து பிரித்த சாற்றினால் அவற்றைக் குணப்படுத்தினார். 1910 டிசம்பரில் தோக்கியோ இரசாயனச் சங்கத்திலே தம் முடிவை அறிவித்தார். புரதம், கொழுப்பு, மாப்பொருள், உப்பு என்பவற்றுக்குப் புறம்பாக உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத வேறொரு பொருள் தவிட்டில் உண்டு என்பதே அதன் சாரம். நெல்லின் இலத்தீன் பெயரை ஒட்டி அதற்கு ஒரிசானின் எனப் பெயரிட்டார். பின்னர் உலகம் விற்றமின் பீ1 என்று அழைத்தது இதனையே. ஆயின் அவருடைய கட்டுரை யப்பானிய மொழியில் வந்தது. அதன் சுருக்கம் யேர்மன் மொழியில் வெளியானபோது, இது ஒரு புதிய உணவுக்கூறு என்னும் தலையாய கருத்து விடுபட்டுப் போயிற்று. 1911 இல் இலண்டனில் கசிமிர் பங்க் என்பவர் ஏறக்குறைய அதே பொருளைத் தவிட்டிலிருந்து பிரித்து, அடுத்த ஆண்டு "விற்றமின்" என்னும் சொல்லையும் படைத்தார். சொல் படைத்தவருக்கே புகழ் சென்றது. 1929 இல் விற்றமின் ஆய்வுக்கான நோபெல் பரிசு எய்க்மன், ஹொப்கின்சு ஆகிய இருவருக்கும் வழங்கப்பட்டது. உமெதாரோவின் பெயர் அங்கில்லை. உள்நாட்டிலும் நிலைமை மேலானதாக இருக்கவில்லை. விவசாயத் துறையைச் சேர்ந்தவர் மனித நோய்க்கு மருந்து கூறுவதா என மருத்துவ உலகம் ஏளனஞ் செய்தது. தாய்மொழியில் எழுதியதனால் இழந்தார் என்று சிலர் இதிலிருந்து முடிவுகட்டுவர். மொழிபெயர்த்தவர் எதனைப் பொருட்படுத்தவில்லை என்பதையல்லவா முதலிற் கேட்கவேண்டும்? 1918 இல் அரிசி விலையேற்றத்தால் நாடெங்கும் கலவரங்கள் மூண்டபின், அரிசியே சேராத சாக்கே மதுவை உருவாக்கியவரும் இவரே. நெற்குவியலின் பெயரைத் தாங்கியவர்க்கு இது சற்று முரணான பணிதான்.

உமெதாரோ பிறந்த அதே சிசுவோக்கா மாகாணத்திலே, கமமாத்சு நகரின் அருகே, 1887 இல் மற்றொரு சுசுக்கி பிறந்தார். தச்சரிடம் தொழில் பழகிய சுசுக்கி மிச்சியோ 1909 இல் கைத்தறிப் பொறிகள் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். 1952 இல் அப்பட்டறை சைக்கிளிற் பூட்டும் சிறு இயந்திரத்தையும், 1955 இல் சுசுலைற் என்னும் சிறுகாரையும் வெளியிட்டது. உலகறிந்த நிறுவனத்தின் கதை பலருக்குத் தெரிந்ததே. பலர் கவனியாதது அதன் தலைமை கைமாறிய விதம். மிச்சியோவின் பின் தலைமையேற்ற சூன்சோ அவருடைய மகனல்லர். மகளை மணந்து வீட்டுப்பெயரை ஏற்ற மருமகன். 1978 இல் தலைவரான ஒசாமுவும் பிறப்பால் சுசுக்கியல்லர். கிபு மாகாணத்தில் 1930 இல் மத்சுதா என்னும் குடும்பத்தில் பிறந்து, சூன்சோவின் மகளை மணந்து, தம் பெயரை விட்டு மனைவியின் பெயரை ஏற்றவர். இந்திய அரசின் மாருதி நிறுவனத்தோடு 1982 இல் உடன்படிக்கை செய்து, அடுத்த ஆண்டிலேயே இந்திய நடுத்தர வகுப்பினர்க்கென ஒரு காரை வீதிக்குக் கொண்டுவந்தவர் இவரே. 2024 டிசம்பரில் மறைந்த இவருக்கு, மறைவின்பின், இந்திய அரசு பத்ம விபூஷண் விருதளித்தது. யப்பானியர் "வீடு" என்று கொண்டது குருதியின் தொடர்ச்சியை அன்று. தொழிலினதும் பெயரினதும் தொடர்ச்சியை. மகன் தகுதியற்றவனாயின் தகுதியுள்ள இளைஞனை மருமகனாக்கிப் பெயரை அவன் கையிற் கொடுக்கும் வழக்கம் வணிகக் குடும்பங்களில் நெடுங்காலம் நிலவியது. ஆகவே உலகிலே மிகுதியும் அறியப்பட்ட சுசுக்கியின் நிறுவனத்தை நெடுங்காலம் நடத்தியவர் ஒரு மத்சுதா என்று சொன்னாலும் பிழையில்லை.

ஆற்றல் பிறப்பிலே வருவதன்று என்பதை ஒரு கல்விக்கொள்கையாகவே ஆக்கியவரும் ஒரு சுசுக்கிதான். நகோயாவிலே சமிசென் யாழ் செய்து, பின் வயலின் தொழிற்சாலை நிறுவிய மசகிச்சியின் மகன் சினிச்சி 1898 இல் பிறந்தார். 1920களில் பேர்லினில் வாழ்ந்து வயலின் பயின்றார். அங்கு அந்நிய மொழியோடு போராடியபோது ஓர் எளிய உண்மை அவருக்குப் புலப்பட்டது: யப்பானியக் குழந்தைகள் எல்லாரும், மந்தர் என்று கருதப்படுவோர் உட்பட, யப்பானிய மொழியைத் தடையின்றிப் பேசுகின்றனர். ஒரு மொழியையே கற்கவல்ல குழந்தை இசையை ஏன் கற்கமுடியாது? கேட்டல், பாவனை செய்தல், திரும்பத்திரும்பச் செய்தல், தாயின் அருகிருப்பு என்பவற்றின் மீது அவர் தமது முறையை அமைத்தார். போரின் அழிவுக்குப் பின், 1946 இல், மத்சுமோத்தோ நகரில் தொடங்கிய பணி அது. வயலின் தொழிற்சாலை உரிமையாளரின் மகனாய்ப் பிறந்தமை அவருக்கு உதவவில்லையா என்று குறும்பாகக் கேட்கலாம். உதவியிருக்கும். அவ்வுதவி சூழலாலேயன்றிக் குருதியால் வந்ததன்று என்பதே அவருடைய மறுமொழியாக இருந்திருக்கும்.

மெய்யியல் மாணவர் எண்ணிக்கொள்ளும் சுசுக்கி 1870 இல் கனசாவா நகரில் மருத்துவர் குடும்பமொன்றிற் பிறந்த தெய்தாரோ. தைசெத்சு என்னும் பெயர் அவருடைய ஆசான் சாகு சோயென் அளித்தது. இந்த ஆசானின் கதையில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. சோயென் 1887 இல் இலங்கைக்கு வந்து, சில ஆண்டுகள் தங்கிப் பாளி மொழியையும் தேரவாத நெறியையும் பயின்றார். 1893 இல் சிக்காகோவில் நடந்த சர்வசமய மாநாட்டில் அவர் ஆற்றிய உரையை ஆங்கிலமாக்கியவர் மாணவரான தைசெத்சு. அத்தொடர்பினாலே 1897 இல் அமெரிக்கா சென்று பதினோராண்டு தங்கிப் பதிப்புப்பணி செய்தார். பிற்காலத்து நூல்கள் யாவற்றுக்கும் அடிப்படை அங்கேயே இடப்பட்டது. குருவின் குடும்பப்பெயரும் நோக்கத்தக்கது. உலகைத் துறந்த துறவியரும் குடும்பப்பெயர் பூணவேண்டும் என 1872 இல் மெய்சி அரசு விதித்தபோது, துறவியர் பலர் சாகு என்பதையே தெரிந்தெடுத்தனர். சாக்கிய முனிவரின் பெயரிலுள்ள சாக்கியமே அது. வீட்டை விட்டவரிடமும் வீட்டுப்பெயர் கேட்ட அரசுக்கு, புத்தரின் வீட்டுப்பெயரையே கொடுத்துவிட்டனர். தைசெத்சுவின் பிற்காலத்தில் சூன்றியு என்னும் மற்றொரு சுசுக்கி 1959 இல் சன்பிரான்சிஸ்கோ சென்று சென் தியானத்தைப் பயிற்றினார். மேனாட்டார் இருவரையும் ஒருவராக மயங்கியதுண்டு. அவர் பெரிய சுசுக்கி, தாம் சிறிய சுசுக்கி என்று சூன்றியு நகைத்ததாகக் கூறுவர்.

பெயரின் எழுத்துக்கும் பொருளுக்கும் இடையே உள்ள பிளவு முன்னரே சொல்லப்பட்டது. அத்தகைய பிளவு ஒன்று வேறொரு சுசுக்கியின் வாயிற் பிறந்து, யப்பானின் இறுதிப் போர்நாட்களோடு பிணைந்துபோயிற்று. சுசுக்கி கந்தாரோ 1868 இற் பிறந்த கடற்படைத் தளபதி. ஓய்வின்பின் பேரரசரின் அரண்மனைத் தலைமைப் பணியாளர். 1936 பெப்ரவரி 26 இல் தீவிர இளம் அதிகாரிகள் கிளர்ந்தெழுந்தபோது, கப்டன் அந்தோ தெருசோவின் படையினர் அவர் இல்லத்துட் புகுந்து சுட்டனர். அந்தோ முன்பு அவரைக் கண்டு உரையாடி மதிப்புக் கொண்டிருந்தவர்தாம். குற்றுயிராய்க் கிடந்தவரை முடித்துவிட வாள் உருவியபோது, மனைவி தாக்கா இடைபுகுந்து தடுத்தார். அந்தோ வணங்கிவிட்டு வெளியேறினார். பேரரசர் ஹிரோகித்தோவின் குழந்தைப் பருவத்தில் அவரை வளர்த்தவர் இந்தத் தாக்கா என்பதும் குறிப்பிடற்பாலது.

ஒன்பது ஆண்டு கழித்து, 1945 ஏப்ரல் 7 இல், எழுபத்தேழு வயதில் கந்தாரோ பிரதமரானார். ஐந்து நாளில் அமெரிக்க சனாதிபதி ரூசவெல்ற் மறைந்தபோது, பகைநாட்டு மக்களுக்கு இரங்கல் தெரிவித்தார். தோக்கியோ எரிந்துகொண்டிருந்த வேளை அது. யூலை 26 இல் நேசநாடுகள் பொற்சுதாம் அறிக்கையை விடுத்துச் சரணடையக் கோரின. யூலை 28 இல் நிருபர்கள் வினவியபோது பிரதமர் பயன்படுத்தியதாகப் பதிவான சொல் மொக்குசத்சு. மௌனம், கொலை என்னும் இரண்டு எழுத்துகளால் ஆனது அது. "இப்போதைக்குக் கருத்துக் கூறாது விடுகிறோம்" என்றும் கொள்ளலாம். "பொருட்படுத்தாது அலட்சியஞ் செய்கிறோம்" என்றும் கொள்ளலாம். உலகச் செய்தி நிறுவனங்கள் அதனை நிராகரிப்பு என்றே அனுப்பின. ஆகத்து 6 இல் ஹிரோசிமா, 9 இல் நாகசாக்கி. ஒரு சொல்லின் தவறான மொழிபெயர்ப்பால் அணுகுண்டு விழுந்தது என்னும் கதை பின்னர் பரவியது. அது நம்பத்தக்கதன்று; குண்டு பற்றிய கட்டளை யூலை 25 இலேயே எழுதப்பட்டுவிட்டது. சொல்லின் மேல் பழிபோடுவது இருதரப்பாருக்கும் வசதியாயிற்று. கந்தாரோ மெய்யாகவே எதனைக் கருதினார் என்பதில் அறிஞர் இன்றும் வேறுபடுகின்றனர். பின்னர் நடந்தது தெளிவானது. ஆகத்து 9 நள்ளிரவில் போர்த்தலைமைக் குழுவினர் மூவர்க்கு மூவராகப் பிளவுண்டு நின்றபோது, பிரதமர் தம் வாக்கைச் சொல்லாது எழுந்து, பேரரசரின் முடிவையே நேரிற் கேட்டார். வழக்கத்துக்கு மாறான அச்செயலே போரை முடித்தது. சரணாகதி அறிவிக்கப்பட்ட 15 ஆம் நாட்காலையில் தீவிரவாதிகள் அவருடைய சொந்த வீட்டை எரித்தனர். மௌனத்தைப் பற்றிய ஒரு சொல்லால் பழி சுமந்தவர், மௌனமாய் இருந்து செய்த ஒன்றால் இலட்சக்கணக்கானோரைக் காத்தார். அவ்வொருவரிடத்தில் இவை இரண்டும் கூடி நிற்பதை எந்தப் பெயர்ப்பட்டியலும் காட்டாது.

மற்றொரு பிரதமரான சுசுக்கி சென்கோ (1980-82) மீன்பிடிக் கரையிலிருந்து வந்தவர். சென்கோ பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1765 ஆம் ஆண்டளவில் பல நிற மரவெட்டு அச்சோவியத்தை மேம்படுத்திய கருனோபு, 2010 இல் இரசாயன நோபெல் பரிசைப் பகிர்ந்த அக்கிரா ஆகியோரும் இப்பெயரினரே. காபனும் காபனும் இணையும் தமது தாக்கத்துக்கு அக்கிரா காப்புரிமை பெறவில்லை. அதனாலேயே உலகின் மருந்து உற்பத்தியில் அது தடையின்றிப் பரவிற்று. தடையின்றிப் பரவியதால் அவர் பெயரும் பரவிற்று.

1936 இல் கந்தாரோ சுடப்பட்ட அடுத்த மாதம், பசிபிக் சமுத்திரத்தின் மறுகரையில் வன்கூவர் நகரில் டேவிட் சுசுக்கி பிறந்தார். பாட்டன்மார் யப்பானிலிருந்து குடியேறியவர்கள். பெற்றோர் கனடாவிலேயே பிறந்தவர்கள். அவருக்கு யப்பானிய மொழி தெரியாது. யப்பானிய இனத்தவரை 1941 இலேயே கனடியப் பொலிசார் வீடுவீடாகப் பதிவுசெய்து அட்டை வழங்கியிருந்தனர். 1942 இல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையிலிருந்து ஏறத்தாழ 22,000 பேர் வெளியேற்றப்பட்டபோது அவர்களுட் பெரும்பான்மையோர் கனடியப் பிரசைகளே. டேவிட்டின் தந்தையார் சாலை அமைக்கும் முகாமுக்கு அனுப்பப்பட்டார். ஆறு வயதுச் சிறுவனான டேவிட் தாயோடும் சகோதரிகளோடும் மலைப்பகுதியிலுள்ள சுலோக்கன் முகாமில் அடைக்கப்பட்டார். குடும்பத்தின் சலவைத்தொழில் அரசால் விற்கப்பட்டது. முகாமிலே அவரை வதைத்தவர் காவலரல்லர். யப்பானிய மொழி பேசத் தெரியாதவன் என்று ஏளனஞ் செய்த பிற சிறுவர். கனடியருக்கு அவன் யப்பானியன். யப்பானியச் சிறுவருக்கு அவன் அந்நியன். போர் முடிந்தும் அவர்கள் கரைக்குத் திரும்ப 1949 வரை அனுமதியில்லை. அரசு மன்னிப்புக் கோரியதும், உயிருடன் இருந்தோர்க்கு ஆளுக்கு 21,000 டொலர் வழங்கியதும் 1988 இல். அச்சிறுவன் வளர்ந்து பழ ஈக்களின் மரபணுக்களை ஆராய்ந்த விஞ்ஞானியாகி, 1979 முதல் 2023 வரை கனடியத் தொலைக்காட்சியில் இயற்கையைப் பற்றிப் பேசினார். மரபியலைத் தொழிலாகக் கொண்ட அவர், இனமும் குருதியும் பற்றிய போலிவிஞ்ஞானத்தைக் கடிந்து பேசியமைக்கு முகாமே காரணமாயிற்று. 1875 இல் யப்பானிய அரசு படைக்கு ஆள்சேர்க்கப் பெயர் எழுதியது; 1941 இல் கனடிய அரசு தன் மக்களுட் சிலரைப் பகைவராக்கப் பெயர் எழுதியது. பட்டியல் எழுதுவோரின் நோக்கத்தைப் பெயரிலே காணமுடியாது.

இப்பெயரைக் கழற்றிவைத்தவர் ஒருவரும் உண்டு. பேஸ்போல் வீரர் இச்சிரோ 1994 இல் தம் அணித்தலைவரின் விருப்பப்படி, சுசுக்கி என்பது மலிந்த பெயராகையால், இயற்பெயரை மட்டும் ஆட்டக்களத்துக்குப் பதிவு செய்தார். அவ்வாண்டிலேயே 210 அடிகள் அடித்து யப்பானியச் சாதனை படைத்தார். 2025 இல் அமெரிக்க பேஸ்போல் புகழவைக்குத் தெரிவான முதல் யப்பானியரும் அவரே.

விரும்பிக் கழற்றுதல் எல்லார்க்கும் கூடுவதன்று. தைசெத்சுவை 1911 இல் மணந்த அமெரிக்கப் பெண்மணி பியற்றிசு லேன், சினிச்சியை 1928 இல் மணந்த யேர்மன் பெண்மணி வால்திரோட் பிராங்கெ, கந்தாரோவைக் காத்த தாக்கா ஆகிய மூவரும் மணத்தினாற் சுசுக்கி ஆனவர்களே. கீழைத்தேய பௌத்தம் பற்றிய ஆங்கிலச் சஞ்சிகையொன்றை 1921 இல் கணவரோடு சேர்ந்து தொடங்கிய பியற்றிசு, பெயர்ப்பட்டியல்களிற் பெரும்பாலும் காணப்படுவதில்லை. 1898 ஆம் ஆண்டுக் குடியியற் சட்டம் மனைவி கணவன் வீட்டுப்பெயரை ஏற்கவேண்டுமென விதித்தது. 1947 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வீட்டுத்தலைமை முறை ஒழிந்தது. ஆனால் கணவன் மனைவி இருவரும் ஒரே பெயரையே தாங்கவேண்டும் என்னும் விதி 750 ஆம் பிரிவாக நிலைத்தது. எவருடைய பெயர் என்பதை அவர்களே தீர்மானிக்கலாம். நூற்றுக்கு 94, 95 வீதமான இணையர் கணவன் பெயரையே தெரிந்தெடுக்கின்றனர். ஒசாமு அந்தச் சிறுபான்மையைச் சேர்ந்தவர். இவ்விதி அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2015 இலும் மீண்டும் 2021 இலும் தீர்ப்பளித்தது. இரு முறையும் நீதியரசர் சிலர் மாறுபட்டனர். யப்பானியத் திருமணப் பதிவுப் படிவத்திலே கணவனின் பெயர், மனைவியின் பெயர் என இரு கட்டங்கள் உண்டு. மணம் முடிப்போர் அவற்றுள் ஒன்றிற் குறியிட்டு, ஊராட்சி அலுவலகத்திற் கையளிக்கின்றனர்.